ஹைஸ்கூல் மார்ச்சிங் பேண்ட்: டெக்சஸ்ல ரெண்டு பிள்ளைங்கள சேர்த்துவிட்ட ஒரு அம்மாவோட ரிவ்யூ

எட்டாவது படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுல ஜனவரி பிப்ரவரி வந்தா ஒம்பதாவதுக்கு என்னென்ன கோர்ஸ் எடுக்கணும்ங்கிற பேச்சு தொடங்கிடும், அப்ப நம்மாளுங்க எங்கிட்ட அதிகமா கேக்குற கேள்வி, "அக்கா, பேண்ட தொடர வைக்கலாமா, இல்ல மிடில் ஸ்கூலோட நிறுத்திடலாமா"ங்கிறதுதான். ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்றதுக்கு மொத்தமா எழுதிடலாம்னு தோணுச்சு. எங்க பொண்ணு கிளாரினெட், ஹைஸ்கூல் முழுக்க மார்ச் பண்ணி முடிச்சு இப்ப காலேஜ்ல இருக்கா. பையன் அதே பேண்ட்ல பெர்கஷன், ஃபீல்டுக்கு முன்னாடி ஒரே இடத்துல நின்னு வாசிக்கிற ஃப்ரண்ட் என்செம்பிள்ல மரிம்பா (மரக் கட்டைகள குச்சியால தட்டி வாசிக்கிறது) வாசிக்கிறான். டெக்சஸ் பப்ளிக் ஸ்கூல். ஸ்கூல் பேர் வேணாம், ஏன்னா நான் சொல்றதுல பெரும்பகுதி இங்க எந்த ஸ்கூலுக்கும் பொருந்தும், சில குறையும் சொல்லப் போறேன். ஸ்டார் குடுக்கணும்னா அஞ்சுக்கு நாலரை. அந்த அரை எதுக்காகப் போச்சுங்கிறது கீழ வருது.

முதல்ல தெரியாதவங்களுக்கு. மார்ச்சிங் பேண்ட்ங்கிறது ஃபுட்பால் மேட்ச் ஹாஃப் டைம்ல வந்து வாசிச்சுட்டுப் போறது மட்டும் கிடையாது. அது ஒரு ஏழு எட்டு நிமிஷ ஷோ, இசையும் நடையும் கொடியும் சேர்ந்தது, ஜூலை கடைசி ஆகஸ்ட் முதல்ல ஆரம்பிச்சு நவம்பர் வரைக்கும் அதே ஒரு ஷோவத்தான் திரும்பத் திரும்ப செதுக்குவாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி கேம், சனிக்கிழமை காண்டெஸ்ட். டெக்சஸ்ல இதெல்லாம் ஸ்கூல் போட்டிகள நடத்துற யூஐஎல்ங்கிற அமைப்போட ரூலுக்குக் கீழ நடக்குது, ஸ்கூல் திறந்ததுக்கப்புறம் கிளாஸ் நேரத்துக்கு வெளிய வாரத்துக்கு 8 மணி நேரத்துக்கு மேல மார்ச்சிங் ரிகர்சல் வைக்கக் கூடாது. எட்டு மணி நேரம்தானான்னு நினைக்காதீங்க, கேம் நாளும் காண்டெஸ்ட் நாளும் தனி, பஸ்ல போற நேரம் தனி, ராத்திரி பதினொன்றரைக்கு பேண்ட் ஹால் பார்க்கிங்ல கார்ல உக்காந்து காத்திருக்கிறது அம்மா அப்பா கணக்கு. சீசன் முடியிற வரைக்கும் வீட்டு காலண்டர் பேண்ட் கையிலதான் இருக்கும், இத மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

இனி அந்த ஷோ எப்படி உருவாகுதுன்னு சொல்லணும், ஏன்னா பிள்ளைங்க கத்துக்கிற விஷயம் பூரா அங்கதான் இருக்கு. ஃபுட்பால் ஃபீல்டுல அஞ்சு யார்டுக்கு ஒரு கோடு இருக்கும். அந்த அஞ்சு யார்ட எட்டு ஸ்டெப்ல கடக்கணும், எய்ட் டு ஃபைவ்னு சொல்லுவாங்க, அப்படின்னா ஒரு ஸ்டெப் சரியா 22.5 இஞ்ச். ஆறடி உயரப் பையனுக்கும் அஞ்சடி கூட இல்லாத என் பொண்ணுக்கும் அதே 22.5. ஒவ்வொருத்தருக்கும் ஃபீல்டுல ஒரு டாட் உண்டு, "சைடு ஒண்ணுல 35 யார்ட் லைனுக்கு ரெண்டு ஸ்டெப் உள்ள, ஃப்ரண்ட் ஹாஷுக்கு நாலு ஸ்டெப் பின்னாடி"ன்னு விலாசம் மாதிரி எழுதியிருக்கும். ஒரு டாட்ல இருந்து அடுத்த டாட்டுக்கு 16 கவுண்ட்லயோ 24 கவுண்ட்லயோ போய்ச் சேரணும். இந்த மாதிரி டாட் ஒரு ஷோவுக்குள்ள டஜன் கணக்குல, பெரிய பேண்டுகள்ல இன்னும் கூட. முன்னாடி எல்லாம் சின்ன நோட்டுப் புத்தகத்துல எழுதி கழுத்துல மாட்டிக்கிட்டு அலைவாங்க, டாட் புக்னு பேரு, இப்ப பல ஸ்கூல்ல போன்ல ஆப்பே வந்துடுச்சு. இதெல்லாம் மனப்பாடம், பாட்டும் மனப்பாடம். நடக்கும்போது குதிகால் முதல்ல பட்டு பாதம் அப்படியே உருண்டு வரணும், இடுப்புக்கு மேல ஆடக்கூடாது, ஆடினா வாசிக்கிற சத்தம் ஆடும். பின்பக்கமா நடக்கும்போது முன்பாதத்துல நடக்கணும், திரும்பிப் பார்க்கக் கூடாது, பின்னாடி டூபா (பெரிய பித்தளைக் குழல்) வாசிக்கிற பிள்ளை மேல மோத மாட்டோம்னு நம்பித்தான் கால வைக்கணும்.

சத்தத்தப் பத்தி என் பையன் சொல்லித்தான் எனக்கே புரிஞ்சுது. சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 1100 அடிதான் போகும். ஃபீல்டு ஒரு கோல் லைன்ல இருந்து இன்னொரு கோல் லைன் வரைக்கும் 300 அடி. இந்தக் கோடில வாசிக்கிற சத்தம் அந்தக் கோடில நிக்கிற பிள்ளைக்குப் போய்ச் சேர கால் செகண்டுக்கு மேல ஆகும், வேகமான பாட்டுல அது முக்கால் பீட்டுக்குக் கிட்ட வந்துடும். அதனால ஃபீல்டுல தூரத்துல கேக்குறத நம்பி வாசிச்சா கண்டிப்பா தப்பாகும். பின்னாடி இருக்கிற ட்ரம்லைன், முன்னாடி நின்னு கையால தாளம் காட்டுற ட்ரம் மேஜர் கையப் பார்த்து அடிக்கும், முன்னாடி சைடுலைன்ல மரிம்பா வைப்ரஃபோன்லாம் வச்சிருக்கிற ஃப்ரண்ட் என்செம்பிள் ட்ரம் மேஜர பார்க்கவே பார்க்காது, பின்னாடியிருந்து வர்ற சத்தத்துக்குக் காத குடுத்து அதுகூட சேர்ந்து வாசிக்கும், அப்பத்தான் ஸ்டாண்டுல உக்காந்திருக்கிறவங்களுக்கு ரெண்டும் ஒரே நேரத்துல வந்து சேரும். நீ எங்க நிக்கிறியோ அதுக்கேத்த மாதிரி யார நம்பணும்ங்கிறது மாறும். பதினாலு வயசுல இதக் கத்துக்கிற பிள்ளை, நான் கேட்டது சரியாத்தானே கேட்டேன்னு பிடிவாதம் பிடிக்கிறதக் கொஞ்சம் குறைச்சுக்கும். எங்க வீட்டுல குறைஞ்சிருக்கு, நான் கண்ணால பார்க்குறேன்.

எனக்கு இந்த ப்ரோக்ராம்ல எல்லாத்தையும் விட முக்கியமாப் படுறது இதுதான். நம்ம பிள்ளைங்க வளர்ற சூழல யோசிச்சுப் பாருங்க. மேத் காம்படிஷன், ஸ்பெல்லிங் பீ, எஸ்ஏடி, கிளாஸ் ரேங்க், அரங்கேற்றம், எதுல போனாலும் ஒண்ணு நீ மேல இருக்க, இல்ல கீழ இருக்க. ஸ்போர்ட்ஸ்ல நல்லா ஆடுறவன் ஆடுவான், மத்தவன் பெஞ்ச்ல உக்காந்திருப்பான். மார்ச்சிங் பேண்ட்ல பெஞ்ச் கிடையாது. நல்லா வாசிக்கிற பிள்ளைக்கும் ஒரு டாட், சுமாரா வாசிக்கிற பிள்ளைக்கும் ஒரு டாட். அந்த சுமாரான பிள்ளை அன்னைக்கு வரலைன்னா அந்த இடம் காலி, வளைவா வர வேண்டிய கோட்டுல ஓட்டை தெரியும், அத ஹோல்னு சொல்லுவாங்க, ஸ்டேடியத்து மேல உக்காந்து பார்க்கிற எவருக்கும் பளிச்னு தெரியும். எங்க பொண்ணு முதல் வருஷம் கடைசி கிளாரினெட் பார்ட்டுலதான் இருந்தா, வாசிப்புல ஒண்ணும் ஸ்டார் இல்ல. ஆனா ஜுரத்துல ஒரு நாள் ரிகர்சல் போகாதப்ப செக்‌ஷன்ல இருந்து எத்தன மெசேஜ், "நீ இல்லாம ஃபார்ம் பார்க்கவே சகிக்கல, சீக்கிரம் வா"ன்னு. தான் முதல் ஆளா இல்லாமலே தன்னைத் தேடுறாங்கன்னு ஒரு பிள்ளைக்குத் தெரியுறது சின்ன விஷயமா? நான் எவ்வளவோ கிளாஸுக்குப் பணம் கட்டியிருக்கேன், இத வேற எங்கயும் வாங்க முடியல.

இதுல ஒரு விஷயத்த நேர்மையா சொல்லிடறேன். ரொம்பப் பெரிய, காண்டெஸ்ட்ல உச்சத்துல இருக்கிற பேண்டுகள்ல ஆல்டர்னேட்னு சிலர வச்சிருப்பாங்க, எல்லாருக்கும் நிரந்தர டாட் கிடைக்காது, ஆடிஷன் வச்சு எடுப்பாங்க, ரெண்டு பேர் ஒரே டாட்ட மாத்தி மாத்தி பண்றதும் உண்டு. அந்த ஆல்டர்னேட் பிள்ளைங்கள எப்படி நடத்துறாங்க, அவங்களுக்கு கேம்லயாவது ஷோல இறங்க சான்ஸ் உண்டா இல்லையாங்கிறதுல ஸ்கூலுக்கு ஸ்கூல் பெரிய வித்தியாசம் இருக்கு. டைரக்டர்கிட்ட நேரா கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல.

ஒம்பதாவது போற பிள்ளைக்கு இன்னொரு பெரிய நன்மை. இங்க ஹைஸ்கூல்னா ரெண்டாயிரம் மூவாயிரம் பிள்ளைங்க சாதாரணம். ஸ்கூல் திறக்குற முதல் நாள் கஃபட்டீரியால யார்கூட உக்காந்து சாப்பிடுறதுன்னு தெரியாம தவிக்கிற பிள்ளைங்கள நமக்கெல்லாம் தெரியும், சில பிள்ளை வீட்டுல வந்து சொல்லவும் சொல்லாது. பேண்ட் பிள்ளைக்கு அந்தக் கவலையே கிடையாது, ஏன்னா ஸ்கூல் தொடங்குறதுக்கு முன்னாடியே ரெண்டு வாரமோ மூணு வாரமோ வெயில்ல ஒண்ணா வெந்து, செக்‌ஷன்ல இருக்கிற சீனியர் வரைக்கும் பேர் சொல்லிக் கூப்பிடுற அளவுக்குப் பழகியிருக்கும். எந்தக் கிளாஸ்ரூம் எங்க, எந்த டீச்சர்கிட்ட ஹோம்வொர்க் எப்படி, யாருக்கு லாக்கர் திறக்க வரலை, எல்லாத்துக்கும் ஒரு அண்ணனோ அக்காவோ இருப்பாங்க. எங்க பொண்ணு பதினொண்ணாவதுல செக்‌ஷன் லீடர் ஆனப்ப, ஃப்ரெஷ்மன், அதாவது ஒம்பதாவது பிள்ளைங்க ஒவ்வொருத்தரும் தண்ணி குடிச்சாங்களா, ஷூ லேஸ் கட்டியிருக்காங்களான்னு பார்த்துப் பார்த்து செய்வா. வீட்டுல தன் தட்ட எடுத்து சிங்க்ல போட நான் நாலு தடவ சொல்லணும், அங்க போய் பத்து பிள்ளைங்களுக்குப் பொறுப்பா நிப்பா, பார்க்க அவ்வளவு நிறைவா இருக்கும்.

படிப்பு பத்தி எல்லாருக்கும் பயம், அதனால கொஞ்சம் விரிவா. டெக்சஸ்ல 1984லயே நோ பாஸ் நோ ப்ளேன்னு சட்டம் கொண்டு வந்துட்டாங்க, ஹவுஸ் பில் 72. ஒரு சப்ஜெக்ட்ல 70க்குக் கீழ போனா ஷோல இறங்க முடியாது, குறைஞ்சது மூணு வாரம் கழிச்சு மார்க் ஏறியிருந்தாத்தான் திரும்ப இறங்கலாம், ரிகர்சலுக்கு மட்டும் வரலாம். ஏபி மாதிரி அட்வான்ஸ்டு கோர்ஸுகளுக்கு விலக்கு உண்டு. இது நம்ம பிள்ளைக்கு எதுக்குன்னு நினைப்பீங்க, 70க்குக் கீழ எங்க போகப் போகுதுன்னு. ஆனா பக்கத்து டாட்ல நிக்கிற பிள்ளை போகலாம், அது போனா ஓட்ட விழும். அதனால மார்க் வர்ற வாரத்துக்கு முன்னாடி பேண்ட் ஹால் தரையில உக்காந்து சீனியருங்க ஃப்ரெஷ்மனுக்கு அல்ஜீப்ரா சொல்லிக் குடுக்கிறத நானே பார்த்திருக்கேன், யாரும் சொல்லி செய்யல. என் பொண்ணு கெமிஸ்ட்ரி ஒழுங்கா படிச்சதே ட்ரம்பெட் பிள்ளை ஒருத்தனுக்கு சொல்லிக் குடுத்துத்தான்னு அவளே சொல்லுவா.

ஜிபிஏ, அதாவது மொத்த மார்க்கோட சராசரி விஷயம் வேற, அது உண்மையிலேயே யோசிக்க வேண்டிய விஷயம். 1997ல வந்த சட்டப்படி கிளாஸ்ல முதல் 10 பெர்சன்ட்ல இருக்கிற பிள்ளைங்களுக்கு டெக்சஸ் ஸ்டேட் யூனிவர்சிட்டிகள்ல ஆட்டோமேட்டிக் அட்மிஷன், ஆனா யூடி ஆஸ்டினுக்கு மட்டும் அது சுருங்கிக்கிட்டே வந்து 2026 ஃபால் அட்மிஷன்ல இருந்து 5 பெர்சன்ட்டுக்கு வந்துடுச்சு. அதனால ரேங்க்குக்கு இங்க அவ்வளவு அடிதடி. பேண்ட் சாதாரண வெயிட் கோர்ஸ், ஏபி மாதிரி கூடுதல் பாயிண்ட் கிடையாது, சில ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல நாலு வருஷம் பேண்ட் எடுத்தா நூத்துக்கு நூறு வாங்கினாலும் வெயிட்டட் ஜிபிஏ லேசா கீழ இழுக்கும். சில டிஸ்ட்ரிக்ட்ல ரேங்க் கணக்குல ஃபைன் ஆர்ட்ஸ சேர்க்கவே மாட்டாங்க, அங்க பிரச்சனையே இல்ல. உங்க டிஸ்ட்ரிக்ட் கோர்ஸ் கைடு புத்தகத்த எடுத்து ஜிபிஏ பக்கத்த ஒரு தடவ பொறுமையா படிங்க, வாட்ஸ்ஆப்ல யாரோ சொன்னத நம்பாதீங்க. இன்னொரு பக்கம், ஹைஸ்கூல் முடிக்க வேண்டிய ஃபைன் ஆர்ட்ஸ் கிரெடிட் இதுலயே வந்துடும், ஃபால் செமஸ்டர் மார்ச்சிங்க பிஇ (உடற்கல்வி) கிரெடிட்டுக்குப் பதிலா எடுத்துக்கவும் டெக்சஸ்ல இடம் இருக்கு, அதுல மிச்சமாகுற பீரியட்ல இன்னொரு ஏபி போட்டுக்கலாம். ரேங்க்ல ரெண்டு இடம் கீழ போனாலும் பரவால்லன்னு நாங்க முடிவெடுத்தோம், எங்களுக்கு அது சரியா வந்துது. டாப் 5 பெர்சன்ட் விளிம்புல நிக்கிற பிள்ளைன்னா உங்க கணக்கு வேறயா இருக்கலாம், அதுல நான் கருத்து சொல்ல மாட்டேன்.

காண்டெஸ்ட் பத்தியும் சொல்லணும். யூஐஎல்ல முதல் கட்டம் ரீஜியன், அங்க ரேங்க் கிடையாது, ரேட்டிங்தான். டிவிஷன் ஒண்ணுன்னா சுப்பீரியர், அஞ்சு வரைக்கும் இருக்கு. அன்னைக்கு வந்த எல்லா பேண்டும் நல்லா பண்ணா எல்லாத்துக்கும் ஒண்ணு குடுப்பாங்க. அடுத்த கட்டம் ஏரியா, அங்கதான் ஒருத்தர ஒருத்தர் முந்துற போட்டி, அதுல ஜெயிச்சா நவம்பர்ல சான் அன்டோனியோ ஆலமோடோம் ஸ்டேடியத்துல ஸ்டேட். இது போக பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கான்னு தனி சர்க்யூட், அவங்களோட கிராண்ட் நேஷனல் இண்டியானாபொலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்துல நடக்கும், அங்க எல்லாம் ஜெனரல் எஃபெக்ட்னு ஷோ மொத்தமா ஆடியன்ஸ எப்படித் தொடுதுங்கிறதுக்குத்தான் அதிக பாயிண்ட். எங்க ஸ்கூல் அந்த அளவுக்கெல்லாம் போற ஸ்கூல் இல்ல. எனக்கு ரீஜியன் முறைதான் ரொம்பப் பிடிச்சிருக்கு, போட்டி ஸ்கூல் பேண்ட் ஃபீல்டுல இருந்து வெளிய வரும்போது நம்ம பிள்ளைங்க வரிசையா நின்னு கைதட்டுவாங்க, அது ஃபார்மாலிட்டிக்குத் தட்டுற தட்டு இல்ல, ஆகஸ்ட் வெயில் என்னன்னு தெரிஞ்சவங்க தட்டுற தட்டு.

எல்லா பேண்டும் ஒரே மாதிரி இருக்கும்னும் நினைக்காதீங்க. கிழக்கு டெக்சஸ் பக்கம் இன்னமும் மிலிட்டரி ஸ்டைல் பேண்டுகள் இருக்கு, நேர் கோடு, சட்டுனு திரும்புற திருப்பம், மார்ச் பாட்டு. கருப்பர் சமூகத்து காலேஜுகள்ல இருந்து வந்த ஷோ ஸ்டைல் இன்னொண்ணு, முழங்கால உயரத் தூக்கி, டான்ஸும் பாட்டுமா ஸ்டாண்டையே எழுப்பி விடும், ஃப்ளோரிடா ஏ அண்ட் எம், சதர்ன், ஜாக்சன் ஸ்டேட் பேண்டுகள யூட்யூப்ல பாருங்க, அந்த மரபுல வாசிக்கிற ஹைஸ்கூல்களும் நிறைய. எங்க ஸ்கூல் கோர் ஸ்டைல் (ட்ரம் கோர்ங்கிற குழுக்கள்ல இருந்து வந்தது), ப்ராப்ஸும் வளைவு வளைவான ட்ரில்லும். எது உசத்தின்னு இல்ல, பிள்ளைக்கு எது பிடிக்கும்னு ஒரு கேமுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.

நம்ம வீட்டுப் பிள்ளைங்க எந்த இடத்துல பொருந்தும்னு கேக்குறவங்களுக்கு. மிருதங்கமோ தபலாவோ கத்துக்கிட்ட பிள்ளைக்கு பெர்கஷன்ல கணக்கு ரொம்ப சீக்கிரம் வரும், ஆதி தாளம் போட்டுப் பழகின கைக்கு எட்டு கவுண்ட் புதுசா? ஆனா ஸ்டிக் பிடிக்கிறது முழுக்க வேற வித்தை, ருடிமென்ட்னு 40 அடிப்படை அடி வகை இருக்கு, முதல்ல இருந்துதான் ஆரம்பிக்கணும். வாத்தியமே வாசிக்காத பிள்ளைக்கு கலர் கார்டுங்கிற குழு இருக்கு, கொடி, மரத்துல செஞ்ச ரைஃபிள், சேபர்ங்கிற வாள் எல்லாம் சுழட்டுவாங்க, பரதம் ஆடுற பிள்ளைங்க அங்க ஜொலிக்கும், பசங்களும் சேரலாம். கார்டு பிள்ளைங்க ஏதோ அலங்காரத்துக்கு நிக்கிறாங்கன்னு நம்மாளுங்க சிலர் பேசுறது எனக்குக் கோபமா வரும், காத்துல சுழட்டி வீசி அதே கவுண்ட்ல பிடிக்கணும், கீழ விழுந்தா மொத்த ஸ்டேடியமும் பார்க்கும், அப்பவும் சிரிச்ச முகத்தோட எடுத்து தொடரணும். நடக்க முடியாத, ஆஸ்த்மா இருக்கிற பிள்ளைன்னா ஃப்ரண்ட் என்செம்பிள் இருக்கு, அங்க யாரும் மார்ச் பண்ண மாட்டாங்க, ஆனா ஷோவோட பாதி நிறமே அவங்க குடுக்கிறதுதான்.

இப்ப பெத்தவங்க பக்கம். பூஸ்டர்ஸ்னு ஒரு அமைப்பு இருக்கும், லாப நோக்கம் இல்லாம பேரன்ட்ஸே நடத்துறது. யூனிஃபார்ம் அளவெடுக்க, தண்ணி எடுத்துட்டுப் போக, பஸ்ல பிள்ளைங்களுக்குத் துணையா, சாப்பரோனா போக, கன்செஷன் ஸ்டாண்டுல நாச்சோஸ் விக்க, ட்ரெய்லர்ல இருந்து மரிம்பாவும் ப்ராப்ஸும் இறக்கி ஃபீல்டுக்குத் தள்ளிட்டுப் போக, எல்லாத்துக்கும் ஆள் வேணும். தள்ளிட்டுப் போறவங்களுக்கு பிட் க்ரூன்னு பேரு, எங்க வீட்டுக்காரர் அதுலதான். ஊர்ல கல்யாண வீட்டுல யாரும் கூப்பிடாமலே ஆளுக்கொரு வேலைய எடுத்துக்கிட்டு நிப்பாங்கல்ல, அதே மாதிரி இருக்கும். இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ வருஷமாச்சு, ஆபீஸ் ஆளுங்களையும் தமிழ்ச் சங்கத்து ஆளுங்களையும் தவிர வேற யாரையும் எங்களுக்குப் பெருசா தெரியாது. இப்ப ப்ளம்பர், நர்ஸ், சர்ச் பாஸ்டர், மெக்சிகோல இருந்து வந்த ஒரு பாட்டி, எல்லாரையும் பேர் சொல்லித் தெரியும். எங்க மாமியார் ஊர்ல தவறினப்ப அவர் ராத்திரியோட ராத்திரியா கிளம்பிட்டார், நான் தனியா பிள்ளைங்களோட இருந்தேன், அந்த வாரம் பிள்ளைங்கள ரிகர்சலுக்குக் கூட்டிட்டுப் போனது, வாசல்ல சாப்பாடு வச்சுட்டுப் போனது எல்லாம் பேண்ட் குடும்பங்கதான், நாங்க வெஜிடேரியன்னு ஞாபகம் வச்சுக்கிட்டு சீஸ் என்சிலாடா செஞ்சு கொண்டு வந்தாங்க அந்தப் பாட்டி.

செலவு. கவர்ன்மென்ட் ஸ்கூல்தானே ஃப்ரீன்னு நினைச்சிடாதீங்க. பேண்ட் ஃபீ ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும், சில நூறு டாலர்ல இருந்து பெரிய ப்ரோக்ராம்ல ஆயிரத்தத் தாண்டியும் போகும், ட்ரிப் இருக்கிற வருஷம் அது தனி. மார்ச்சிங் ஷூ, க்ளவுஸ், ஷோ டிஷர்ட், பெரிய தண்ணி ஜக் எல்லாம் சேரும். டூபா, மெல்லோஃபோன், மரிம்பா மாதிரி பெருசெல்லாம் ஸ்கூலே குடுக்கும், கிளாரினெட் ஃப்ளூட் ட்ரம்பெட் நம்ம வாங்கணும் இல்ல ரென்ட் எடுக்கணும். கிளாரினெட் பேரன்ட்ஸுக்கு ஒண்ணு: மர கிளாரினெட் வாங்கியிருந்தா அத வெயில்ல குளிர்ல ஃபீல்டுக்கு அனுப்பாதீங்க, வெடிச்சிடும், மார்ச்சிங்குக்கு ப்ளாஸ்டிக் ஒண்ணு தனியா வச்சுக்கணும், யூஸ்டு கிடைச்சாலும் போதும். பணம் கஷ்டம்னா பூஸ்டர்ஸ்கிட்டயோ டைரக்டர்கிட்டயோ சத்தமில்லாம சொல்லுங்க, தவணைல கட்டவும் உதவித்தொகைக்கும் வழி பல இடத்துல இருக்கு.

வெயில் விஷயத்துல விளையாடாதீங்க. ஆகஸ்ட்ல டெக்சஸ் டர்ஃப் (செயற்கைப் புல்) மேல நிக்கிறது சும்மா இல்ல. காலைல சாப்பிடாம போகக் கூடாது, முதல் நாள் ராத்திரில இருந்தே தண்ணி குடிக்கணும், தொப்பி, சன்ஸ்க்ரீன், வெளிர் கலர் துணி. தலை சுத்துதுன்னா உடனே கைய தூக்கி சொல்லணும்னு பிள்ளைக்கு வீட்டுலயே அழுத்தி சொல்லி அனுப்புங்க, நம்ம பிள்ளைங்க டீச்சர்கிட்ட சொல்லக் கூச்சப்படும். ட்ரம்லைன் பக்கம் நிக்கிற பிள்ளைக்கு காதுக்கு இயர்ப்ளக் கட்டாயம்.

இப்ப அந்த அரை ஸ்டார். ஒரு சீசன்ல எங்க பொண்ணோட செக்‌ஷன் லீடர் ஒருத்தர், டாட் தப்புற ஃப்ரெஷ்மன் பிள்ளைங்கள எல்லார் முன்னாடியும் பேர் சொல்லி அசிங்கப்படுத்தி, அத க்ரூப் சாட்லயும் போட்டுக்கிட்டு இருந்தாங்க. ஸ்டாஃப்கிட்ட சொன்னதுக்கு முதல்ல "அது லீடர்ஷிப் ஸ்டைல்"னு பதில் வந்துச்சு, ரெண்டு மூணு அம்மாக்கள் சேர்ந்து திரும்பப் போய்ப் பேசினதுக்கப்புறம்தான் நடவடிக்கை எடுத்தாங்க. அதுக்குள்ள ஒரு பிள்ளை பேண்ட விட்டே போயிடுச்சு. அந்தப் பிள்ளை எவ்வளவு ஆசையா வந்துதுன்னு எனக்குத் தெரியும், இப்ப நினைச்சாலும் மனசு ஆறல. பதினாறு வயசுப் பிள்ளை கையில அதிகாரத்தக் குடுக்கிறது இந்த ப்ரோக்ராமோட பெரிய பலம், பக்கத்துல பெரியவங்க கண்ணு இல்லன்னா அதுவே பெரிய ஆபத்து. தப்பு பண்ணா "ரீசெட்"னு ஒரு வார்த்த, எல்லாரும் ஓடிப் போய் பழைய டாட்ல நின்னு திரும்ப ஆரம்பிக்கிறது, அவ்வளவுதான் நல்ல ரிகர்சல்ல நடக்கும், யார் தப்புன்னு விசாரணை கிடையாது. ரிகர்சல் பார்க்க பேரன்ட்ஸ விடுற ஸ்கூலான்னு பாருங்க, விட்டா ஒரு சாயங்காலம் போய் ஸ்டாண்டுல உக்காந்து அந்தக் குரலக் கேளுங்க.

நவராத்திரியும் தீபாவளியும் ஒவ்வொரு வருஷமும் காண்டெஸ்ட் சீசன்லதான் வரும், ரீஜியன் அக்டோபர் நடுவுல. எங்க வீட்டுல கொலு வச்சா வெத்தலை பாக்கு குடுக்கிறது ஞாயித்துக்கிழமைதான், தீபாவளி எண்ணெய்க் குளியல் ரிகர்சலுக்கு முன்னாடி விடியற்காலை அஞ்சு மணிக்கு. டைரக்டர்கிட்ட வருஷ ஆரம்பத்துலயே தேதிய எழுதிக் குடுத்தா சிலர் சாயங்கால ரிகர்சல்ல இருந்து விடுவாங்க, கடைசி வாரம் போய்க் கேட்டா முடியாது. ட்ரிப்ல சாப்பாடு பெப்பரோனி பீட்சாவும் சிக்கன் சாண்ட்விச்சும்தான் வரும், மெடிக்கல் ஃபார்ம்லயும் பூஸ்டர்ஸ் ஃபார்ம்லயும் வெஜிடேரியன்னு குறிச்சுடுங்க, சாப்பாடு கமிட்டில ஒரு தமிழ் அம்மா இருந்தா இன்னும் நல்லது, இப்ப எங்க ஸ்கூல்ல நான் இருக்கேன், பீன் பரீட்டோவும் சீஸ் பீட்சாவும் தனி டப்பால பேர் எழுதி வைக்கிறோம்.

எட்டாவது பிள்ளைங்களுக்கு ஹைஸ்கூல் பேண்ட் பத்தி சொல்ல ஸ்ப்ரிங்ல ஒரு ராத்திரி மீட்டிங் வைப்பாங்க, பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க. அங்க டைரக்டர் பேசி முடிச்சதும் நேரா அவர்கிட்ட போகாதீங்க, பின்னாடி பேண்ட் டிஷர்ட் போட்டு நிக்கிற பத்தாவது பதினொண்ணாவது பிள்ளைங்ககிட்ட போய் போன சீசன்ல யாராவது நடுவுல விட்டுட்டுப் போனாங்களா, ஏன் போனாங்கன்னு கேளுங்க. மத்தபடி ஷூவ ஜூலைலயே வாங்கி வீட்டுக்குள்ள நடந்து பழக்க சொல்லுங்க, சாக்ஸ் முழு கருப்பா நீளமா இருக்கணும், வெள்ளைக் கோடு போட்டது ஆகாது.